2240-ல் வியாசர்பாடி நீராவி எஞ்சின்: நம்பும்படி இருக்கிறதா?

மண்ணடிக் கதைக்காரன்:
ஓர் அறிவியல் புனைகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். காலம் 2240. 1859-ல் தந்திக் கம்பிகளைக் கலங்கடித்த சூரியப் புயலைவிடப் பல மடங்கு பெரியது ஒன்று அடித்து, மின்மாற்றிகள் கருகி, நாலு தலைமுறை கடந்த வடசென்னை. காசிமேடு கடலுக்குள் போய்விட்டது. நல்ல தண்ணீர் செங்குன்றம் ஏரியில் மட்டும். வியாசர்பாடிப் பட்டறைக்காரர்கள் பழைய இரும்பைத் திரட்டி முரட்டு நீராவி எஞ்சின் ஒன்றைச் செய்கிறார்கள். அது செங்குன்றத்திலிருந்து பேசின் பிரிட்ஜ் வரை தண்ணீர்த் தொட்டிகளை இழுத்து வருகிறது. கதையைப் படித்த நண்பர் ஒருவர், "புகையும் சத்தமும் அழகா இருக்கும்னு வச்சிருக்கே, வேற ஒண்ணுமில்ல" என்றார். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

டைனமோ:
நண்பர் சொன்னதுதான் சரி. சூரியப் புயல் கெடுப்பது நீளமான மின்பாதைகளையும் அவற்றின் மின்மாற்றிகளையும். ஷெட்டில் சும்மா நிற்கும் மோட்டாருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. லாரி டைனமோ, மின்ரயில் மோட்டார் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும். அதுவும் வேண்டாம் என்றால் டீசல் எஞ்சின் இருக்கிறது. 1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். நம் ஊரில் எண்ணெய் தரும் புங்க மரத்துக்கா பஞ்சம்? வடசென்னை மெக்கானிக் கையில் பழைய டீசல் எஞ்சின் கிடைத்தால் அவன் பாய்லர் பக்கம் தலைவைத்துப் படுப்பானா?

லோகோஷெட் பையன்:
டைனமோ அண்ணே, முதல் தலைமுறைக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். கதை நடப்பது நாலாவது தலைமுறையில். டீசலை எஞ்சினுக்குள் பீச்சும் பம்பின் தண்டு (பிளஞ்சர்) தேய்ந்துபோனால் பட்டறையில் அடித்துச் செய்ய முடியாது. முடியை விடச் சின்ன இடைவெளியில் உட்காரும் சாமான் அது. மோட்டார் சுருளின் மேல்பூச்சு உதிர்ந்தால் அதையும் திரும்பப் பூச ஆள் வேண்டும். நீராவி எஞ்சின் அந்த அளவு நுணுக்கம் கேட்காது. ஜேம்ஸ் வாட் காலத்தில் வில்கின்சன் என்ற இரும்பாலைக்காரர் கடைந்து கொடுத்த 50 அங்குல சிலிண்டர், பழைய ஷில்லிங் காசின் தடிமன் அளவுகூடப் பிசகவில்லை என்று வாட்டின் கூட்டாளி போல்டன் மெச்சி எழுதினார். அந்தக் காலத்தில் அதுவே பெரிய சாதனை. பிஸ்டனைச் சுற்றிச் சணல் திணித்து ஓட்டினார்கள். ஆவி கசியும், ஆனாலும் ஓடும்.

1804-ல் ட்ரெவிதிக் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வேல்ஸில் தன் நீராவி ரயில் எஞ்சினால் 10 டன் இரும்பையும் 70 ஆட்களையும் இழுத்துக் காட்டினார். ஒற்றை சிலிண்டர், பெரிய சுழல்சக்கரம், பல்சக்கரங்கள், அவ்வளவுதான். எஞ்சின் தோற்கவில்லை, அதன் எடை தாங்காமல் வார்ப்பிரும்புத் தண்டவாளம்தான் உடைந்தது. நம் ஆட்களுக்கோ கும்மிடிப்பூண்டி பாதையின் எஃகுத் தண்டவாளம் சும்மா கிடைக்கிறது.

டைனமோ:
சும்மா கிடைக்கிறதாம்! புயல் அடித்த மறுவாரமே அது காயலான் கடைக்குப் போயிருக்கும். அப்புறம், செங்குன்றத்துக்கு இன்றைக்கு ரயில் பாதையே கிடையாது. கதையில் அது எங்கிருந்து வந்தது?

மண்ணடிக் கதைக்காரன்:
கடல் விழுங்காத பகுதியிலிருந்து பெயர்த்து வந்து போடுகிறார்கள். ஒரு அத்தியாயமே அதுதான். செங்குன்றத்துக்குத் தண்டவாளம் புதிதும் இல்லை. 1837-லேயே அங்கிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் கல் கொண்டுவரப் பாதை போட்டிருக்கிறார்கள், அதில் சுழல்வகை நீராவி எஞ்சின் ஒன்றும் ஓடியது. ராயபுரத்திலிருந்து 1856-ல் முதல் பயணிகள் ரயில் கிளம்பியதற்கு முந்தைய சமாசாரம் இது.

பாய்லர் அட்டெண்டன்ட்:
தம்பிங்களா, எஞ்சினைப் பற்றியே பேசுகிறீர்கள், தண்ணீரைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. நான் மணலிப் பக்கம் பாய்லர் பார்த்தவன். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடியில் கடல்நீர் ஏறிப் பல பத்தாண்டு ஆயிற்று. அந்தத் தண்ணீரை ஊற்றினால் முதலில் நுரைக்கும், நீர் ஆவியோடு சேர்ந்து சிலிண்டருக்குள் போய் அடிக்கும். அப்புறம் தகட்டில் உப்புப் படியும். படிந்த இடத்தில் சூடு தண்ணீருக்குப் போகாது, தகடு சிவந்து தொங்கிவிடும். ஆக, உங்கள் எஞ்சின் செங்குன்றம் முனையில் மட்டுமே தண்ணீர் குடிக்க முடியும். பேசின் பிரிட்ஜில் ஊரே தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கும்போது எஞ்சினும் அதே தொட்டியில் பங்கு கேட்கும். கதையில் இந்தச் சண்டை இருக்கிறதா?

இன்னொன்று. ராத்திரி முழுக்க எஞ்சின் நெருப்போடு பேசின் பிரிட்ஜில் நிற்பதாக எழுதியிருந்தால் மாற்றுங்கள். நிற்கும்போதே பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் இன்ஜெக்டர் 1858-ல்தான் வந்தது. அதற்கு முன் பம்ப் எஞ்சினோடு சேர்ந்து ஓடும். எஞ்சின் நின்றால் பம்பும் நின்றுவிடும். உங்கள் முரட்டு எஞ்சினும் அந்த வகைதான். தண்ணீர் ஏற்றுவதற்காகவே எஞ்சினைத் தனியாகக் கழற்றி முன்னும் பின்னும் ஓட்டுவார்கள்.

எண்ணூர்க்காரி:
அப்படியென்றால் நெருப்பை ஏன் எஞ்சினில் வைக்க வேண்டும்? நெருப்பில்லா எஞ்சின் என்று ஒரு வகை உண்டு. 1870களில் நியூ ஆர்லியன்ஸ் டிராம்களில் ஓட்டியிருக்கிறார்கள். பிறகு வெடிமருந்து ஆலை, காகித ஆலை மாதிரி பொறி பறக்கக் கூடாத இடங்களில் ஓடியது. எஞ்சினில் இருப்பது அழுத்தம் தாங்கும் தொட்டி மட்டும். நிலையான பாய்லரிலிருந்து கொதிநீரும் ஆவியும் ஏற்றிக்கொள்ளும். ஆவியை எடுக்க எடுக்க அழுத்தம் குறையும், குறையும்போது மிச்சத் தண்ணீர் தானாகக் கொதிக்கும். மணலியில் கேஸ் வைக்கும் பெரிய உருளைத் தொட்டிகள் இருக்கின்றன, அதில் ஒன்று துருப்பிடிக்காமல் தப்பியிருந்தால் போதும். செங்குன்றத்தில் பாய்லர், ஏரித் தண்ணீர், சுற்றிலும் சவுக்குத் தோப்பு.

லோகோஷெட் பையன்:
அக்கா, யோசனை பிரமாதம், தூரம்தான் இடிக்கிறது. போகும்போது சரக்கோடு போய்விடும், வெறும் தொட்டிகளை இழுத்துத் திரும்பி வர ஆவி மிஞ்சுமா? சவுக்கு நல்ல தேர்வு. சென்னைக் கடற்கரையில் 19-ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சின் விறகுக்காகவே சவுக்கு பயிரிட்டார்கள். ஆனால் அந்தக் கால எஞ்சின் நூறு பங்கு சூட்டில் ஐந்து பங்கைக்கூட வேலையாக மாற்றாது. தோப்பு எத்தனை வருஷம் தாங்கும் என்று கதையில் யாராவது கவலைப்பட வேண்டும்.

எண்ணூர்க்காரி:
திரும்ப மாடு இழுக்கட்டும், தொட்டி காலிதானே. எனக்குப் பிடித்தது அதன் அரசியல். நெருப்பு எஞ்சினில் இருந்தால் டிரைவர்தான் ராஜா. நெருப்பு செங்குன்றத்தில் இருந்தால் பாய்லர் வைத்திருப்பவன் வால்வை மூடினாலே வடசென்னை தாகத்தில் கிடக்கும். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த பெரம்பூரில் நடக்கிற கதையில் ஒரு வேலைநிறுத்தம்கூட இல்லாமலா?

பாய்லர் அட்டெண்டன்ட்:
விபத்து ஒன்றும் வையுங்கள். 1803-ல் கிரீனிச்சில் ட்ரெவிதிக்கின் எஞ்சின் வெடித்து ஆட்கள் செத்தார்கள். பார்த்துக்கொள்ள வேண்டிய பையன் விலாங்கு பிடிக்கப் போய்விட்டானாம். (காசிமேட்டுப் பிள்ளையாக இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.) அதற்குப் பிறகுதான் ட்ரெவிதிக் பாய்லரில் நெருப்புக்கு மேலே இருக்கும் தகட்டில் ஈயத் திருகு வைத்தார். தண்ணீர் குறைந்தால் ஈயம் உருகி, ஆவி பீறிட்டு நெருப்பை அணைக்கும். உங்கள் பட்டறைக்காரர்களுக்கு ஈயம் கிடைக்கும், செத்த கார் பேட்டரி போதும்.

மண்ணடிக் கதைக்காரன்:
பேட்டரி ஈயத்தை எடுத்துக்கொண்டேன் ஐயா. எஞ்சினில் நெருப்பு இருக்கத்தான் வேண்டும், அக்கா. என் நாயகி கரி அள்ளுபவள், அவளைச் செங்குன்றத்திலேயே உட்கார வைக்க மனம் வரவில்லை. ஆனால் அவளுக்குப் போட்டியாக எதிர்க்கட்சி ஆட்கள் நெருப்பில்லா எஞ்சின் ஒன்றைக் கொண்டுவரட்டும்.

டைனமோ:
கொண்டுவரட்டும். என்னைக் கேட்டால் மூன்றாவதாக ஒருத்தன் புங்க எண்ணெய் டீசலில் வந்து இரண்டு பேரையும் தோற்கடிப்பான். அந்த ஈயத் திருகைக் கழற்றிவிட்டு இரும்பு ஆணி அடித்தது யார் என்று எழுதுங்கள், அதைப் படிக்க வருகிறேன்.