சொந்த டொமைனில் வேர்ட்பிரஸ்: வீட்டுக் கணினியா, விபிஎஸ்ஸா?

பட்டர்வொர்த் வாசகி:
வணக்கம். பினாங்குத் தமிழ்ப்பள்ளிகள் பற்றிய கட்டுரைகளைச் சொந்த டொமைனில் ஏற்ற வேண்டும். வீட்டில் ஃபைபர் இருக்கிறது, பழைய கணினியும் இருக்கிறது. அதையே சர்வராக்கலாமா? டாட் காமா, டாட் எம்ஒய்யா?

செந்தூல் மணி:
முதலில் ரவுட்டரின் வான் ஐபியை, அதாவது இணைய நிறுவனம் அதற்குத் தரும் முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் சிஜிநாட், அதாவது பல வீடுகள் ஒரே பொது ஐபியைப் பகிரும் முறை. ரவுட்டரில் போர்ட் (இணைப்பு வாயில்) திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் வர முடியாது. அப்படியானால் சிங்கப்பூரில் 1 ஜிபி ரேம் விபிஎஸ் (வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வர்) எடுங்கள். 2 ஜிபி ஸ்வாப் (ரேம் போதாதபோது உதவும் வட்டு இடம்) சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நினைவகம் தீரும்போது லினக்ஸ் பெரும்பாலும் டேட்டாபேஸ் மென்பொருளான மரியாடிபியைத்தான் நிறுத்தும். டொமைனின் ஏ ரெக்கார்ட் (பெயரை ஐபியோடு இணைக்கும் பதிவு) சர்வரைக் காட்டிய பிறகே, https சான்றிதழ் வாங்கித் தரும் செர்ட்பாட்டை ஓட்டுங்கள். போர்ட் 80 மூடியிருந்தால் வழக்கமான முறையில் சான்றிதழ் கிடைக்காது.

பிரிக்பீல்ட்ஸ் கபிலன்:
மணி அண்ணன் சொன்னது சரி. தமிழில் எழுதுபவர்கள் தவறவிடுவது இன்னொன்று: இடுகையின் முகவரி. வேர்ட்பிரஸ் அதற்கு 200 எழுத்திடம்தான் தருகிறது. தமிழில் 'க' ஒன்றே 9 இடம் பிடிக்கும், 'கி' என்றால் 18. நீளமான தலைப்பு பாதியில் வெட்டுப்படும், வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் சதவீதக் குறிகளாய் நீளும். வெளியிடும் முன்பே முகவரியை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக மாற்றுங்கள்.

டொமைன் எதுவானாலும் உங்கள் பெயரிலேயே பதியுங்கள். தளம் அமைத்துத் தருபவர் பெயரில் விட்டால் பிறகு மீட்பது பெரும்பாடு.

பட்டர்வொர்த் வாசகி:
நன்றி அண்ணன்மாரே. வான் ஐபி 100.72 என்று காட்டுகிறது, விபிஎஸ்ஸே எடுக்கிறேன். பேக்கப்பை அதே சர்வரில் வைக்கலாமா?

செந்தூல் மணி:
வேண்டாம் தங்கச்சி. டேட்டாபேஸ், அப்லோட்ஸ் (ஏற்றிய படங்கள், கோப்புகள்) இரண்டையும் தினமும் வேறிடத்துக்கு அனுப்புங்கள். அந்தப் பழைய கணினியே போதும்.