கல்பாசியைப் பறிப்பது யார்?

பள்ளத்தூர் பேத்தி:
கோழிக் குழம்புக்கு ஆச்சி எண்ணெயில் கல்பாசியைப் போட்டதும் வளவு முழுக்க மணக்கும். போன வாரம் காரைக்குடியில் வாங்கிய பொட்டலத்தில் மரப்பட்டைத் துணுக்கு ஒட்டியிருந்தது. இது கல்லில்தானே வளரும்? நம் பக்கம் மலையே இல்லை, எங்கிருந்து வருகிறது?

மலையடிவாரத்தான்:
பாறையிலும் வளரும், மரப்பட்டையிலும் வளரும் தங்கச்சி. செடி இல்லை, பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் லைக்கன். வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும், அதனால் மொத்தமாகச் சுரண்டினால் திரும்பி வரப் பல வருடமாகும். பழனி மலைத்தொடரில் பளியர் என்ற பழங்குடி மக்கள் சேகரிக்கிறார்கள். அவர்களுக்குக் காடுதான் அடுப்படி: காட்டு வள்ளிக்கிழங்கு, தேன், கீரை. கிழங்கு தோண்டினால் கொடியின் தலைப்பகுதியைத் திரும்ப மண்ணில் புதைத்துவிட்டுத்தான் நகர்வார்கள். நேரில் பார்த்திருக்கிறேன், கும்பிடத் தோன்றியது.

தேவகோட்டை மளிகை:
2006 வன உரிமைச் சட்டப்படி இப்படிப்பட்ட சிறுவனப் பொருட்களைச் சேகரிக்கவும் விற்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் என் கடைக்கு வருவதற்குள் சரக்கு பல கை மாறிவிடுகிறது. பறித்தவருக்கு என்ன கிடைத்தது என்று எந்த மொத்த வியாபாரியும் எனக்குச் சொன்னதில்லை. அது எனக்கு உறுத்தல்தான்.

பள்ளத்தூர் பேத்தி:
நன்றி அண்ணே. பளியர்களிடம் நேரடியாக வாங்க வழி இருந்தால் சொல்லுங்கள். ஒரு குழம்புக்கு இரண்டு இதழ் போதும், விலை கூடினாலும் சரி.