கேட்சர் மிட்டுக்குள்ள (பந்து பிடிக்கிற தோல் கிளவுஸ்) விரல எப்படி வைக்கணும்? தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்களேன்

வணக்கம் அண்ணே, அக்கா எல்லாருக்கும். நாங்க மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்துலதான் இருக்கோம். மகளுக்கு 13 வயசு, ஸ்கூல் சாஃப்ட்பால் டீம்ல கேட்சரா, அதாவது பேட் பண்றவங்களுக்குப் பின்னால இருந்து பந்து பிடிக்கிற ஆளா, போட்டிருக்காங்க. பண்டல் கடையில (பழைய சாமான் விக்கிற கடை) ஒரு பேஸ்பால் கேட்சர் மிட் கெடச்சுது, தோலு நல்லா கெட்டியா இருந்துச்சு, வாங்கி குடுத்துட்டேன்.

நேத்து பிராக்டிஸ் முடிஞ்சு வந்து இடது கைய விரிச்சு காட்டுறா, ஆள்காட்டி விரலுக்கு நேர் கீழ 20 காசு அளவுக்கு நீலமா கன்னிப்போய் கெடக்கு, தொட்டா கைய இழுத்துக்கிறா, எனக்கு மனசே கேக்கல.

இந்த மிட்டுக்கு வெளிய தனித்தனி விரல் கெடையாது, உள்ள கைய விட்டாதான் ஒவ்வொரு விரலுக்கும் இடம் தெரியுது. நான் சுண்டு விரலையும் மோதிர விரலையும் கடைசி பொந்துல சேர்த்து வச்சு, மத்த ரெண்டையும் ஒவ்வொரு இடம் தள்ளி வச்சு பார்த்தேன், ஆள்காட்டி விரல் இடம் காலியாயிடுச்சு. வலி கொறஞ்சுது, மிட்டும் சுலபமா மூடுது. ஆனா பந்து கட்டவிரல் பக்கம் வந்தா மிட் திரும்பிக்குதுன்னு சொல்றா. ஆள்காட்டி விரல மட்டும் பின்பக்கமா வெளிய விடுறது நல்லதா, இல்ல இப்படியே பழகட்டுமா?

இன்னொன்னு, பேஸ்பால் பந்து சுத்தளவு 9 இஞ்சிதான் சொச்சம், இவங்க ஆடுற சாஃப்ட்பால் பந்து 12 இஞ்சி. மிட்டுல பந்து உக்கார்ற குழி, அந்த பாக்கெட் பத்தாமதான் பந்து உள்ளங்கையில அடிக்குதோ? கேட்சரா ஆடினவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, சனிக்கிழம மேட்ச் இருக்கு.