பட்டன் ஸ்டார்ட் காருக்குத் தனிப் பூட்டு: விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம் மக்களே. தென்னாப்பிரிக்கா டர்பன்ல, சாட்ஸ்வொர்த் பக்கம் இருக்கிறவங்க கொஞ்சம் உதவுங்க. பக்கத்து வீட்டு அண்ணாவோட கார் போன வாரம் ராத்திரி வாசல்லேர்ந்தே போயிடுச்சு. கண்ணாடி உடையல, அலாரம் அடிக்கல. சாவி உள்ளே ஆணியில தொங்கிட்டே இருக்கு! கேமராவுல ஒருத்தன் கதவோரமா பை மாதிரி எதையோ தூக்கிப் பிடிக்கிறான், இன்னொருத்தன் கார்கிட்ட நிக்கிறான். வீட்டுக்குள்ள இருக்கிற சாவியோட சிக்னலைப் பிடிச்சு, கார் வரைக்கும் கடத்தி (ரிலே பண்ணி) திறந்திருக்கானுங்க.

எங்க காரும் பட்டன் ஸ்டார்ட்தான். சாவியைப் போட்டு வைக்க ஃபாரடே பை (சிக்னலை வெளியே விடாத பை) வாங்கியாச்சு. பையோட கார்கிட்ட நின்னா கதவு திறக்கல, அதுவரைக்கும் சரி. ஆனா ஹெட்லைட் வயரைப் பிரிச்சு, கேன் பஸ்ல (காருக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டர்கள் பேசிக்கிற வயர்ல) போலி மெசேஜ் அனுப்பியும் திறக்கிறானுங்க. 2023லயே வெளியே வந்த விஷயம். அதுக்குச் சாவி சிக்னலே வேண்டாமே, பை என்ன பண்ணும்? (மால் பார்க்கிங்ல ஜாமர் வெச்சு ரிமோட் சிக்னலைத் தடுத்துப் பூட்டவிடாம பண்றது தனிக் கதை. கைப்பிடியை இழுத்துப் பார்க்காம நகர்றதில்ல.)

பின் நம்பர் அடிச்சாத்தான் ஸ்டார்ட் ஆகிற தனி இம்மொபிலைசர் (இன்ஜினை ஸ்டார்ட் ஆகவிடாத கருவி) யாராவது போட்டிருக்கீங்களா? வாரண்டிக்குப் பிரச்சினை வருமா? இன்சூரன்ஸ்ல ஒத்துக்கிறாங்களா? டிராக்கர் இருக்கு, ஆனா அது கார் போன பிறகு தேடத்தானே. மாமா பழைய ஸ்டீயரிங் லாக்கே போதும்கிறார், எனக்கும் அது மோசமாத் தெரியல. நம்பகமான ஃபிட்டர் தெரிஞ்சா இன்பாக்ஸ்ல சொல்லுங்க.