கிராமத்து சுகாதாரத்தில எதை முதல்ல ஆராயணும்?

வெள்ளவத்தை வாசி: கெம்பஸ் ப்ரொஜெக்டுக்கு ஒரு தலைப்பு எடுக்கோணும், கிராமத்து சுகாதாரம்தான். கொழும்பில ஏசி ரூமில இருந்துகொண்டு எது அவசரம் எண்டு முடிவெடுக்கிறது எனக்கே ஒரு மாதிரி இருக்கு. நீங்கள் எண்டா எதை எடுப்பீங்கள்?

மெதவாச்சி மருமகன்: சிறுநீரக வருத்தம்தான் வேறென்ன. 1990களில இருந்து வடமத்திய மாகாணத்தில சனம் சாகுது, கல்சியம் கூடின கடுந்தண்ணி, ஃப்ளோரைட், பயிருக்கு அடிக்கிற கிருமிநாசினி, வெயில்ல தண்ணி குடியாம வேலை செய்யிறது எண்டு எல்லாத்தையும் சந்தேகப்பட்டாச்சு, 2015ல கிளைபோசேட் எண்ட களைநாசினியையும் தடை செய்துபோட்டு பிறகு தளர்த்தினவை, காரணம் மட்டும் இன்னும் முடிவாகேல்ல.

தோட்டத்துப் பிள்ளை: அதுக்கு ஏற்கனவே நிறைய பேர் இருக்காங்க அண்ணா. பாம்புக்கடிய பாருங்க, நம்ம ஆஸ்பத்திரிகள்ல போடுற மருந்து இந்தியாவுல இருந்து வாறது, அங்க உள்ள பாம்பு விஷத்துல செய்றது. சிங்களத்துல குணகடுவானு சொல்ற விரியன் இங்க நிறைய பேர கடிக்குது, அதுக்கு அந்த மருந்து வேலை செய்யாது. தோட்டத்துல பொம்பளைங்களுக்கு ரத்தசோகையும் இருக்கு, அத யாரும் பெருசா எடுக்கிறதில்ல.

பழைய எம்ஓஎச்: தம்பி, தலைப்பை நீர் தெரிவு செய்யாதேயும். பிரிட்டனில 2004ல தொடங்கின ஜேம்ஸ் லிண்ட் அலையன்ஸ் எண்ட அமைப்பு நோயாளி, பராமரிக்கிறவை, டொக்டர் மூண்டு பேரையும் ஒண்டா இருத்தித்தான் ஆராய வேண்டிய முக்கியமான பத்துக் கேள்வியை எடுக்குது. நீரும் மிட்வைஃபையும் விவசாயியையும் கேளும், முக்கியமா டொக்டர் இல்லாத நேரமாப் பாத்துக் கேளும், அவர் இருந்தா எல்லாத்துக்கும் தலையாட்டுவினம்.

வெள்ளவத்தை வாசி: அப்ப அடுத்த கிழமை மெதவாச்சிக்கு பஸ் ஏறுறன், தங்க இடம் இருக்கோ?