சி.பி. குழந்தையோடு கப்பல் பயணம்: போகலாமா, கூடாதா?

காட்பாடி அப்பா:
மகளுக்குப் பதினொரு வயது. பெருமூளை வாதம், அதாவது சி.பி. தானாக உட்கார வராது, பேச்சு இல்லை. ஆனால் நாம் பேசுவது அத்தனையும் புரியும். மேலே பார்த்தால் ஆமாம், முகத்தைத் திருப்பினால் வேண்டாம். வலிப்புக்கு ரெண்டு வேளை மருந்து. அப்பாவுக்கு எழுபது நிறைகிறது. திருக்கடையூர் போவதாகத்தான் பேச்சு. சிங்கப்பூர் தம்பி குறுக்கே வந்து, "பீமரத சாந்தியை வீட்டோட முடிச்சிட்டு எல்லாரும் சென்னையில கப்பல் ஏறலாம், செலவு என்னுது" என்று சொல்லிவிட்டான். விசாகப்பட்டினம் வரை போய்த் திரும்பும் கப்பல். அம்மாவோ பாப்பாவைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்கிறார். மனைவி வாயே திறக்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. போகலாம் என்பவர்களும் கூடாது என்பவர்களும் காரணத்தோடு எழுதுங்கள்.

சத்துவாச்சாரி தாத்தா:
வேண்டாம் தம்பி. என் பேரனும் இதே மாதிரிக் குழந்தைதான், அதனால் வெளியாளாக நின்று சொல்லவில்லை. வேலூரில் இருப்பதால் நமக்கு ஒரு சொகுசு உண்டு. ராத்திரி ரெண்டு மணிக்கு வலிப்பு நிற்கவில்லை என்றால் ஆட்டோ பிடித்து சி.எம்.சி. ஆஸ்பத்திரி வாசலில் நின்றுவிடலாம். அந்தத் தைரியத்தில்தான் நாம் கண்ணை மூடுகிறோம். கப்பலில் இருக்கும் மருத்துவ அறை முதலுதவிக்குச் சரி. குழந்தைகளுக்கான நரம்பியல் டாக்டரை நடுக்கடலில் எங்கே போய்த் தேடுவது? கரை சேர மணிக்கணக்கில் ஆகும். தம்பியிடம் காசு இருந்தால் குழந்தையின் உடம்புக்கு அளவெடுத்து ஒரு நல்ல வீல்சேர் செய்யச் சொல். கப்பல் ஓடிப்போகாது.

குடியாத்தம் சக்கரம்:
தாத்தா, நானே வீல்சேரில் இருப்பவன், முப்பது வயது தாண்டியாகிவிட்டது. "அந்தக் காசுக்குத் தெரபி பண்ணலாம், வீல்சேர் வாங்கலாம்" என்பதைப் பிறந்ததில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் அக்காவை ஊட்டிக்குக் கூட்டிப்போனபோது அந்தக் காசில் அவளுக்கு டியூஷன் வைக்கலாமே என்று யாரும் சொல்லவில்லை. எங்களுக்குச் செலவு செய்தால் மட்டும் அது மருந்தாக இருக்க வேண்டுமா? வீட்டில் எல்லாரும் திருப்பதி போவார்கள், நான் பாட்டியோடு இருப்பேன். பாட்டிக்கும் போக ஆசைதான், என்னால் அவரும் போகவில்லை. காட்பாடி சார், சித்தி வீடு என்ற பேச்சை முதலில் நிறுத்துங்கள். தாத்தாவின் எழுபதுக்குப் பேத்தி இல்லாமல் போட்டோ எடுத்து அதைச் சுவரில் மாட்டப் போகிறீர்களா?

சத்துவாச்சாரி தாத்தா:
விட்டுவிட்டுப் போகச் சொல்லவில்லையப்பா. கப்பலே வேண்டாம், எல்லாரும் திருக்கடையூரே போகட்டும் என்கிறேன். ரெண்டும் ஒன்றில்லை.

ஆம்பூர் கடலோடி:
சண்டை போடுவதற்கு முன் கப்பல் எப்படி இருக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் கப்பல்களில் அறை பராமரிப்பில் பல வருடம் வேலை பார்த்தவன் நான்.

முதல் விஷயம் கதவு. பல கப்பல்களில் சாதாரண அறையின் கதவு சுமார் 23 அங்குலம். வீல்சேர் உள்ளே போகாது. பாத்ரூம் வாசலில் ஒரு மேடு இருக்கும், தண்ணீர் வெளியே வராமல் தடுக்க. மாற்றுத்திறனாளிகளுக்கான அறை என்று தனியாகச் சில உண்டு: 32 அங்குலக் கதவு, மேடு இல்லாத பாத்ரூம், சக்கரத்தோடு உள்ளே போகும் ஷவர். பெரிய கப்பலிலும் அவை கொஞ்சம்தான், சீக்கிரம் போய்விடும். ஆன்லைனில் கண்ணை மூடிக்கொண்டு புக் செய்தால் சாதாரண அறைதான் விழும்.

சென்னையில் 2022 ஜூனில் ஓட ஆரம்பித்த கப்பல் 1990-இல் கட்டியது. அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான உரிமைச் சட்டமே அந்த வருடம்தான் வந்தது. பழைய கப்பலில் அப்புறம் மாற்றிக் கட்டியது எவ்வளவு என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், படத்தைப் பார்த்து நம்பக்கூடாது.

நீச்சல் குளத்தை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். டயப்பர் போடும் பிள்ளைகளைப் பெரும்பாலான கப்பல்களில் குளத்தில் இறக்க விடமாட்டார்கள், வயது என்னவாக இருந்தாலும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கிளப்பிலும் டாய்லெட் பழக்கம் கேட்பார்கள். இந்த ரெண்டையும் நம்பிப் போனால் ஏமாற்றம்தான். மற்றபடி மேல்தளக் காற்று, பாட்டு, வெளிச்சம், கடல், எல்லாம் லிஃப்டில் போய் வரலாம்.

பாகாயம் அம்மா:
காட்பாடி அண்ணா, உங்கள் மனைவி ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரியும்.

வீட்டில் நான் எழுந்ததும் மருந்து, அப்புறம் கஞ்சியை மிக்ஸியில் அடித்து ஊட்டுவது, எச்சில் துடைப்பது, டயப்பர், காலை நேராகப் பிடிக்கும் ஸ்பிளின்ட், ராத்திரி ரெண்டு தடவை புரட்டிப் படுக்க வைப்பது. கப்பலுக்குப் போனாலும் இதே வேலைதான், இடம் மட்டும் சின்னதாகிவிடும். மாமனார், மாமியார், கொழுந்தனார் குடும்பம் எல்லாம் மேல்தளத்தில் போட்டோ எடுப்பார்கள். அவள் அறையில் பாப்பாவுக்குத் துணி மாற்றிக்கொண்டிருப்பாள். இறங்கும்போது எல்லாரும் "சூப்பரா இருந்துச்சுல்ல" என்பார்கள், அவளும் தலையாட்ட வேண்டும்.

ஆக நான் வேண்டாம் கட்சி. ஆனால் தாத்தா சொன்ன காரணம் எனக்கு ஒத்துவராது. வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று பயந்து உட்கார்ந்தால் காட்பாடி ஸ்டேஷன் தாண்ட முடியாது. திருக்கடையூர் மட்டும் என்ன பக்கமா?

குடியாத்தம் சக்கரம்:
அக்கா, அம்மாவுக்கு ஓய்வு கிடைக்காது என்பதற்காகக் குழந்தை கடலைப் பார்க்கக் கூடாதா? அம்மாவின் களைப்புக்கு நாங்கள் காரணம் என்பது போல் ஆகிறதே.

பாகாயம் அம்மா:
குழந்தை காரணம் என்று நான் எழுதவே இல்லை தம்பி. வேலையைப் பங்கு போடாத பெரியவர்கள்தான் காரணம். குழந்தையை ராணி மாதிரிக் கூட்டிப்போகட்டும். ஆனால் அண்ணன் ஒரு ராத்திரி, கொழுந்தன் ஒரு ராத்திரி, மாமியார் ஒரு வேளை ஊட்டுவது என்று கிளம்பும் முன்பே பேசி முடித்திருக்க வேண்டும். கப்பலில் ஏறின பிறகு பார்த்துக்கலாம் என்றால் ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள். என் வீட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோதே பார்த்துவிட்டேன்.

ராணிப்பேட்டை சட்டம்:
சட்டப் பக்கம் கொஞ்சம். 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் போக்குவரத்தில் அணுகல் வசதி வேண்டும் என்கிறது. விமானத்தில் இதற்குப் பல் முளைத்துவிட்டது. 2012-இல் கொல்கத்தாவில் சி.பி. உள்ள ஜீஜா கோஷ் என்ற பெண்ணை விமானத்தில் இருந்து இறக்கிவிட்டார்கள். 2016-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2022 மே மாதம் ராஞ்சியில் ஒரு சிறுவனை ஏற்ற மறுத்த விமான நிறுவனத்துக்கு 5 லட்சம் அபராதம். அப்புறம் டாக்டர் கருத்து இல்லாமல் மறுக்கக் கூடாது என்று விதியையே மாற்றினார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005-இலேயே, வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பலும் எங்கள் கடலுக்குள் வந்தால் எங்கள் மாற்றுத்திறனாளிச் சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்று பொதுவாகச் சொல்லிவிட்டது. ஆகவே கேட்பது உரிமை. சலுகை கேட்கிற குரலில் கேட்காதீர்கள்.

சத்துவாச்சாரி தாத்தா:
தீர்ப்பு எல்லாம் சரி. இழப்பீடு வாங்க நாலு வருஷம் ஆச்சு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நடுக்கடலில் வலிப்பு வந்தால் தீர்ப்பைக் காட்டியா நிறுத்துவது? அடுத்து யாராவது சி.எம்.சி. டாக்டர் மேரி வர்கீஸ் கதையோடு வருவார்கள் பாருங்கள்.

குடியாத்தம் சக்கரம்:
வந்துவிட்டேன். 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர், வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். 1966-இல் உங்கள் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் திறக்கக் காரணமானவர். அவரையும் யாராவது "இந்த நிலைமையில் எதற்கும்மா" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

சத்துவாச்சாரி தாத்தா:
அவர் டாக்டர். தனக்கு என்ன ஆகும் என்று தானே முடிவு செய்தார். இந்தப் பாப்பாவுக்காக முடிவு செய்வது நாம். எனக்கு நெருடுவது அங்கேதான்.

ஆம்பூர் கடலோடி:
தாத்தா கேட்டதில் பாதிக்குப் பதில் உண்டு. கிளம்பும் முன்பே பாதுகாப்புப் பயிற்சி நடத்த வேண்டும் என்ற விதி 2012-இல் இத்தாலிக் கடலில் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்த பிறகு இறுக்கமானது. ஏழு குட்டை, ஒரு நீள ஊதல் கேட்டால் எல்லாரும் கூடும் இடத்துக்குப் போக வேண்டும். ஆபத்து நேரத்தில் லிஃப்டை நம்பக் கூடாது, அதனால் நடக்க முடியாதவர்களைத் தூக்கிப்போக ஊழியர்களைத் தனியாக நியமிப்பார்கள். சோலாஸ் என்ற சர்வதேச உடன்படிக்கைப்படி, கூடுதல் உதவி தேவை என்று சொன்ன பயணிகளின் விவரம் கிளம்பும் முன் கேப்டன் கைக்குப் போக வேண்டும். கவனியுங்கள், நீங்கள் சொன்னால்தான் பெயர் ஏறும். "ஏதாவது சொல்லி டிக்கெட்டை ரத்து பண்ணிட்டா" என்று பயந்து மறைக்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

அறை கேட்கும்போது நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடல் பக்கம் போகவே வேண்டாம்.

பாகாயம் அம்மா:
ஆட்டம் பற்றி இன்னொன்று. வாந்தி எடுத்தால் வலிப்பு மருந்தும் சேர்ந்து வெளியே போய்விடும். மறுபடி கொடுக்கணுமா, எவ்வளவு நேரத்துக்குள் வாந்தி வந்தால் கொடுக்கணும் என்பதை உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குமட்டலுக்கு என்று அவில் மாதிரி அலர்ஜி மாத்திரையை நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். அந்த வகை சில குழந்தைகளுக்கு வலிப்பைத் தூண்டும். அவசரத்துக்கு மூக்கில் அடிக்கும் மருந்து உங்களிடம் இருக்கிறதா? மருந்தைப் பெட்டியில் போட்டு அனுப்பாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேண்டாம் கட்சியில் இருந்துகொண்டு வழி சொல்கிறேன் பாருங்கள். கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் கப்பலில் ஏற்ற விடமாட்டார்களாமே, அப்போது கஞ்சிக்கு?

ஆம்பூர் கடலோடி:
சூடாக்கும் சாமான் எதுவும் விடமாட்டார்கள், தீ பயம். ஆனால் முன்கூட்டியே சொன்னால் சமையலறையிலேயே சாப்பாட்டை அரைத்துக் கொடுப்பார்கள். கேழ்வரகு மாவு கொண்டுபோகலாமா என்று மெயிலில் கேளுங்கள், வாய்வார்த்தை வேண்டாம்.

காட்பாடி அப்பா:
ரெண்டு நாளாகப் பதில் போட முடியவில்லை. பாகாயம் அக்கா எழுதியதை மனைவியிடம் அப்படியே படித்துக் காட்டினேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்த ராத்திரி முறையை உன் தம்பி ஒத்துக்குவானா?" போன் செய்தேன். ஒத்துக்கொண்டான், கூடவே டயப்பர் மாற்றும் வீடியோ அனுப்பச் சொன்னான். அம்மா இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்.

பாப்பாவிடமும் கேட்டோம். திருக்கடையூர்க் கோபுரம் ஒரு படம், கப்பல் ஒரு படம். கப்பலைக் காட்டியதும் மேலே பார்த்தாள். இடம் மாற்றிக் காட்டினோம், அப்போதும் கப்பல்தான்.

சத்துவாச்சாரி தாத்தா:
படத்தில் ஆட்டம் தெரியாதே தம்பி. பளபளவென்று இருப்பதைத்தானே எந்தக் குழந்தையும் கேட்கும்? என் பேரன் ஜே.சி.பி. படத்தைக் காட்டினாலும் மேலே பார்ப்பான். சரி, முடிவு பண்ணிவிட்டீர்கள் போல. அதற்கு முன்னால் வீட்டைவிட்டு ஒரு ராத்திரி வெளியே தங்கிப் பாருங்கள். ஏலகிரி போதும்.

காட்பாடி அப்பா:
ஏலகிரியில் விசாரித்துவிட்டேன். போன் போட்ட இடத்தில் எல்லாம் பாத்ரூமுக்குப் படி. ஒரு இடத்தில், "ரெண்டு பசங்களை விட்டுத் தூக்கிடலாம் சார்" என்றார்கள். பதினாலு கொண்டை ஊசி வளைவில் அவள் கழுத்தை யார் பிடிப்பது என்பது வேறு.

குடியாத்தம் சக்கரம்:
பக்கத்தில் இருப்பதெல்லாம் சுலபம் என்று நினைப்பார்கள். மெரினாவில் 2022 நவம்பரில் எங்களுக்காக மரப்பாதை போட்டார்கள், 263 மீட்டர். அலை கிட்டே வரைக்கும் வீல்சேரில் போகலாம். ரெண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் ஒரு பகுதியைப் பிய்த்துப் போட்டது, அப்புறம் சரிசெய்தார்கள். கப்பலுக்கு முன்னால் அங்கே கூட்டிப்போங்கள். கடல் சத்தம், காற்று, கூட்டம் எல்லாம் அவளுக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு சாயங்காலத்தில் தெரிந்துவிடும். சென்னையில் ஒரு ராத்திரி தங்கினால் தாத்தா கேட்ட பரீட்சையும் முடிந்துவிடும்.

சத்துவாச்சாரி தாத்தா:
இது நல்ல யோசனை. கப்பலுக்கு நான் இன்னும் சம்மதிக்கவில்லை.

காட்பாடி அப்பா:
மெரினா போகிறோம், அப்பாவும் வருகிறார். கப்பல் கம்பெனிக்கு மெயில் போட்டு, கடலோடி அண்ணன் சொன்ன அத்தனையும் கேட்டேன். "வீல்சேர் வசதி உண்டு, மகிழ்ச்சியாகப் பயணியுங்கள்" என்று ஒரு வரி வந்திருக்கிறது. முன்பணம் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி.

ஆம்பூர் கடலோடி:
அந்த ஒரு வரிக்குக் காசு கட்டாதீர்கள். அறை எண், அந்த அறைக் கதவின் அகலம், பாத்ரூம் வாசலில் மேடு உண்டா, உங்கள் மகள் பெயர் உதவிப் பட்டியலில் ஏறிவிட்டதா. நாலுக்கும் நாலு பதில் எழுத்தில் வரட்டும். வெள்ளிக்குள் வரவில்லை என்றால் அடுத்த மாதக் கப்பலைப் பாருங்கள், சாந்திக்கும் கப்பலுக்கும் ஒரே நாள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. வீல்சேர் அகலம் என்ன? கை வைக்கும் இடத்தையும் சேர்த்து அளந்து இங்கே போடுங்கள்.

காட்பாடி அப்பா:
25 அங்குலம். சக்கரத்தின் வளையத்தோடு சேர்த்து.

ஆம்பூர் கடலோடி:
அப்போது சாதாரண அறையை உங்கள் தலையில் கட்டப் பார்த்தால் வாங்கவே வாங்காதீர்கள்.