இடுப்பு பிடிப்பு: வாயுவா, டிஸ்க்கா, கிட்னி கல்லா?

வேளச்சேரிவாசி:
வயது 34, ஐடி வேலை. 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்க்கும்போது இடுப்பில் சுரீர் என்று பிடித்துக்கொண்டது. நாலு நாளாகக் குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியவில்லை. அம்மா வாயுப் பிடிப்பு என்கிறார், ஆபீஸில் ஒருத்தர் டிஸ்க் விலகியிருக்கும், எம்ஆர்ஐ எடு என்கிறார், மாமனார் கிட்னி கல் என்று தினமும் வாழைத்தண்டு ஜூஸ் கொடுக்கிறார். யார் சொல்வது சரி? பெட் ரெஸ்ட் எடுக்கவா?

பிசியோ_மதுரை:
சார், வலி எதுவரை இறங்குகிறது என்று முதலில் பாருங்கள். இடுப்பு, புட்டத்தோடு நின்றால் பெரும்பாலும் தசை, தசைநார் பிடிப்புதான், அநேகமாகச் சில வாரங்களில் அடங்கிவிடும். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தினால் வலி பெரும்பாலும் ஒரே காலில் முழங்காலுக்குக் கீழே பாதம் வரை ஷாக் அடிப்பதுபோல இறங்கும், மரத்துப்போகும், இருமினால் தும்மினால் கூடும். முதுகெலும்பின் அடிப்பகுதியில் எல்4-எல்5, எல்5-எஸ்1 என்று சொல்லும் கடைசி இரண்டு டிஸ்க்கில்தான் இது அதிகம். கல் வலி விலாவுக்குக் கீழே பக்கவாட்டில் கிளம்பி அடிவயிற்றுக்கு அலை அலையாக வரும், எப்படிப் படுத்தாலும் புரள வைக்கும். உங்களுடையது அப்படித் தெரியவில்லை. ஜூஸைக் குடித்துவிடுங்கள், மாமனார் மனசு நோக வேண்டாம்.

எம்ஆர்ஐக்கு அவசரம் வேண்டாம். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்தாலும் 30 வயதிலேயே நிறையப் பேருக்கு 'டிஸ்க் பல்ஜ்', அதாவது டிஸ்க் பிதுக்கம் என்று ரிப்போர்ட் வரும், அதைப் படித்துவிட்டுக் குனியவே பயப்படுகிறவர்களைத்தான் நான் தினமும் பார்க்கிறேன். நாள் கணக்கில் படுத்தால் இறுக்கம்தான் கூடும். வலி பொறுக்கும் அளவுக்கு நடங்கள்.

நைட்ஷிப்ட்_நர்ஸ்:
சிறுநீர், மலம் கட்டுப்பாடில்லாமல் போவது, சிறுநீர் வராமல் அடைப்பது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, கால் பலமிழப்பது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே எமர்ஜென்சிக்குப் போங்கள். காய்ச்சலோடு வலி வந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

கோவைக்காரன்:
என் தம்பிக்கு 26 வயதில் இடுப்பு வலி. பைக் ஓட்டுவதால்தான் என்று எல்லோரும் அடித்துச் சொன்னோம். ஆனால் அவனுக்குக் காலையில் எழுந்ததும் இறுக்கம், நடமாடினால் குறையும், படுத்தால் கூடும், பின்னிரவில் வலித்து எழுப்பிவிடும். மாதக்கணக்கில் இப்படியே போய், கடைசியில் மூட்டுவாத டாக்டர்தான் அன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் (முதுகெலும்பு மூட்டுகளில் வரும் ஒருவகை அழற்சி வாதம்) என்று கண்டுபிடித்தார். இளவயதில் மூன்று மாதம் தாண்டியும் இப்படி இருந்தால் தைலம் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

வேளச்சேரிவாசி:
நன்றி. வலி காலுக்கு இறங்கவில்லை, மரப்பும் இல்லை, அப்போ நடக்கிறேன். கேனை என்ன செய்வது?

பிசியோ_மதுரை:
கேன் வாயில் மாட்டும் கை பம்பு கடையில் கிடைக்கிறது சார். கேன் தரையிலேயே இருக்கட்டும்.